பல் ஆஸ்பத்திரி மாடியில் இரண்டு அறைகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம், அங்கே உன் உடம்பும் மனசும் நலமாக இருக்க வேண்டும், இரண்டில் மனசைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் தங்கை பேச்சை எடுத்தாலே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் பெரிய ஹோட்டல் வரவேற்பறைக்குப் புது கார்பெட் போட்டாயிற்று, நிறம் அப்பா தேர்ந்தெடுத்தது, அதனால் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. கடற்கரை ஹோட்டலைச் சின்னவள் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள், ஒரு அறைகூடக் காலியில்லை, மெலிந்துதான் போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் கட்டிக்கொள்ளப்போகும் பல் டாக்டரைச் சோதித்துப் பார்க்க உன் தோழியை நோயாளி மாதிரி அனுப்பினாயே, அது இங்கே எப்படி வெடித்தது என்று யாரும் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஹோட்டல்காரர்கள் கடனில் மூழ்கிவிட்டார்கள், குடியிருக்கிற வீடுகூட ஏலத்துக்குப் போகிறது, வெளியே தெரியாமல் மறைக்கிறார்கள் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டே அளந்துவிட்டாளாம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படித்தான் அவ்வளவு பேசினாளோ. மனிதர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவார் என்று நீ எதிர்பார்த்தாய். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக நம் வீட்டுக்கு வந்தார், முழங்கை வரை வெள்ளைப் பெயிண்ட். சின்னவள் ஹோட்டலுக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, பெயிண்ட் அடித்துவிட்டேன், அப்பா ஏறுவதற்குப் படியில் கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த வீடு கையை விட்டுப் போகும்போது யோசிக்காமல் எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள், அவளிடம் கேட்டால் கஷ்டப்படுவாள் என்றுதான் உங்களிடம் வந்தேன் என்றார். அப்பா என்னைப் பார்க்கிறார், நான் அப்பாவைப் பார்க்கிறேன். நான் அவருக்குத் தெரியாமல் எதையோ விற்றுவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம், அவர் எனக்குத் தெரியாமல் எங்கேயோ மாட்டிக்கொண்டார் என்று எனக்கு. யார் சொன்னது என்று கேட்டால் டாக்டருக்கு அவள் முகம் நினைவில்லை, பல்தான் நினைவிருக்கிறது. முன்பல் நடுவே சந்து, இடது கடைவாயில் பாதி உடைந்த பல் என்றதுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது, சின்ன வயதில் நம் வீட்டுப் படியில் விழுந்து உடைத்துக்கொண்ட பல்தானே அது. அப்பா சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

உன்மேல் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னவன் நம் ஹோட்டலைத்தான் காதலித்தான் என்று தெரிந்த அன்றைக்கு நீ அழக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது, அது பூனைக்கு நியாயம்தான், அதற்காகத் தங்கை வீட்டு அடுப்பையும் அணைக்கப் பார்த்தால் எப்படி அம்மாடி? டாக்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா என்று இருந்தால் விசாரிக்கத்தானே செய்வார் என்கிறார், உன் தோழியின் அந்தப் பல்லைச் சீக்கிரம் கவனிக்க வேண்டுமாம், பயப்படாமல் வரச் சொல். சின்னவளுக்குத்தான் ஆறவில்லை. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "அவ அவரைச் சோதிக்கலைம்மா, என்னைத்தான் சோதிச்சிருக்கா. ஆள் எப்படின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். அதற்குப் பிறகு உன் பேச்சையே எடுப்பதில்லை, நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கும் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் அடுத்த மாதம். அழைப்பே வரவில்லை, கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். அதை அப்படியே போய்ச் சின்னவளிடம் கேட்டுவிட்டேன். எந்த விருந்தாளிக்கு எந்த அறை என்று பிரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "அவளை எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிட்டா அவளும் விருந்தாளி ஆயிடுவா. அப்புறம் நான் யார்கிட்டச் சண்டை போடுறது?" என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள், ஏசி குளிர் என்று சமாளித்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, காப்பியைக் குறைத்துக்கொள். நாங்கள் இல்லாத காலத்திலும் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சண்டைக்கும் சமாதானத்துக்கும் குறைவில்லாமல் நீடு வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. வரும்போது ஹோட்டலில் அறை போடாதே, வீட்டு வாசலில் நின்று மணியும் அடிக்காதே. உன்னிடம் இருக்கும் வீட்டுச் சாவியே போதும், பூட்டை மாற்ற அவள் இன்றுவரை யாரையும் விடவில்லை.

என்றும் உன்,
அம்மா