வெல்வெட் பெட்டிக்குள் இருந்த யூஎஸ்பி

6 நவம்பர் 2025, வியாழன்

கொம்பியூட்டர் இன்றைக்கும் அதே பயமுறுத்தலைக் காட்டியது. விண்டோஸ் பத்தின் காலம் முடிந்ததாம், பதினொன்று இந்த இயந்திரத்தில் ஏறாதாம், புதிது வாங்கவேண்டுமாம். மூடியில் ஒரு கீறல், மற்றப்படி ஒரு குறையும் இல்லை. எனக்கும்தான் நாற்பத்தொன்பது வயது, முழங்கால் நோவு. என்னையும் எறியச் சொல்லுவாங்கள் போல.

லக்ஷனா படித்த கொம்பியூட்டர் அது. லியோன் நகரத்துக்கு வேலைக்குப் போனபோது எனக்கு விட்டுவிட்டுப் போனாள். ஞாயிறுகளில் அதில்தான் மகளின் முகம் பார்க்கிறேன். ஏப்ரலுக்குப் பிறகு பிள்ளை வீட்டுப் பக்கம் வரவில்லை. தீபாவளிக்கும் வேலை என்றாள். லியோனில் இருந்து இரண்டு மணி நேர ரயில். ஏன் என்று கேட்க வாய் வரும், கேட்டால் உள்ள ஞாயிறும் போய்விடும் என்று பேசாமல் இருக்கிறேன்.

9 நவம்பர், ஞாயிறு

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாமாம். இலவசம், கிழட்டு இயந்திரத்திலும் ஓடும் என்கிறாள் லக்ஷனா. முதலில் அதை ஒரு பெரிய கோப்பாக இறக்கவேண்டும். பிறகு யூஎஸ்பியில் எழுதி, அந்த யூஎஸ்பியால் கொம்பியூட்டரை எழுப்பவேண்டும். “நான் வந்து செய்து தாறன்” என்று சொல்லுவாள் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. சரி, நானே செய்கிறேன். புடவைக்கடையில் கல்யாணக் கோஷ்டிகளைச் சமாளிக்கிறவளுக்கு இது என்ன பெரிய வேலை?

கிட்டத்தட்ட மூன்று ஜிபி. பாதியில் இவர் சேட் அழுத்துவதற்காக வைஃபை பெட்டியின் பிளக்கை இழுத்துவிட்டார். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடம், இவர் அயர்ன் எடுத்தது விரல்விட்டு எண்ணலாம், அதில் ஒன்று இன்றைக்கு!

திரும்பச் செருகியதும் இறங்கி முடிந்தது என்று காட்டியது. லக்ஷனா நம்பவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி அறுபத்து நான்கு எழுத்து உண்டாம், தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்பார்க்க வேண்டுமாம். அவள் சொல்லச்சொல்லத் திரையில் திறந்த கறுப்புப் பெட்டியில் கட்டளை அடித்து எடுத்தேன். முதல் நான்கு எழுத்தை வாசித்ததுமே “இல்லை அம்மா” என்றாள். கோப்பு பழுது. திரும்ப இறக்கவேண்டும்.

11 நவம்பர், செவ்வாய்

விடுமுறை. கோப்பு திரும்ப இறங்குமட்டும் பிளக்குக்குப் பக்கத்தில் நானே கதிரை போட்டு இருந்தேன். இவர் அந்தப் பக்கம் வரவில்லை.

மத்தியானம் லக்ஷனாவுக்குப் போன் எடுத்தேன். நந்நாலு எழுத்தாக நான் வாசிக்க, லியோனில் இருந்து அவள் “ஓம்” சொன்னாள். கோயிலில் போற்றி சொல்வதுபோல. பதினாறு ஓம். முழுவதும் ஒத்துவந்தது. அவள் இப்படி அவசரப்படாமல் என்னோடு இருந்து எத்தனை காலம்! இன்னும் இரண்டு கோப்பு இறக்கச் சொன்னாலும் இறக்குவேன்.

அவள் போனை வைத்த பிறகு யூஎஸ்பி வேலையைத் தொடங்கினேன். கையில் இருந்தது இரண்டு ஜிபி, கொள்ளாது. அலுமாரியில் வெல்வெட் பெட்டிக்குள் லக்ஷனா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டு வீடியோ இருக்கிற யூஎஸ்பி நினைவு வந்தது. ஸ்டூடியோவில் தந்தது, அறுபத்து நான்கு ஜிபி, அரைவாசி வெறுமை. ஃப்ரிட்ஜில் ஒரு சட்டியைத் தள்ளி மற்றச் சட்டியை வைப்பது மாதிரி, இதுவும் ஒரு மூலையில் இருக்கட்டும் என்று செருகினேன். எல்லாத் தரவும் அழியும் என்று பிரெஞ்சில் ஏதோ வந்தது. இவங்கள் எதற்கும் இப்படித்தான் வெருட்டுவாங்கள் என்று ஓகே அமத்தினேன்.

கொம்பியூட்டர் எழும்பியது! சத்தம் இல்லை, சூடு இல்லை, பயமுறுத்தல் இல்லை. இப்போதைக்கு யூஎஸ்பியில் இருந்துதான் ஓடுகிறது, நிரந்தரமாகப் பதிய முன்னம் தனக்குக் காட்டச் சொல்லியிருக்கிறாள் லக்ஷனா. நானே செய்தேன், நான் ஒருத்தியே. இவருக்கும் காட்டினேன். “கெட்டிக்காரிதான்” என்றார். இன்றைக்கு எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

12 நவம்பர், புதன்

வீடியோ இல்லை. ஐயோ.

13 நவம்பர், வியாழன்

எத்தனை தரம் கழற்றிச் செருகியும் லினக்ஸ்தான் இருக்கிறது. ஒன்றைத் தள்ளி ஒன்றை வைக்கிற கதை இல்லையாம், யூஎஸ்பியை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் எழுதுமாம். இப்ப வாசிச்சு என்ன? எனக்கு ஏன் இந்த வேலை? பேசாமல் புதுசை வாங்கித் துலைச்சிருக்கலாம்.

இவருக்குச் சொன்னேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஊத்த முன்னம் அந்த வீடியோவைப் போடுகிற மனிசன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. வெல்வெட் பெட்டியை எடுத்து மூடிவைத்தார்.

“பிள்ளை வீட்டிலை இருந்த காலம் அது. அதுதான் போட்டுப் போட்டுப் பாத்தனான்.”

கத்தியிருக்கலாம்.

16 நவம்பர், ஞாயிறு

லக்ஷனாவுக்கும் சொன்னேன். முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். பிரெஞ்சு கலந்து கதைக்கிற பிள்ளை தமிழிலேயே சொன்னாள்:

“அப்ப எனக்குப் பதின்மூண்டு வயசு அம்மா. வேணுமோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. ஏப்ரலிலை சேந்தன் அங்கிள் ஆக்களுக்கு அப்பா அதைப் போட்டுக் காட்டேக்கை நான் அங்கைதான் இருந்தனான்.”

சேந்தன் இவரோடு வேலை செய்கிறவர், குடும்பமாக வந்திருந்தார். அடுத்தநாள் காலை ரயிலுக்கே லக்ஷனா வெளிக்கிட்டாள், வேலை என்று. நான் அவளுக்குப் புட்டுக் கட்டிக்கொடுத்தேன். புட்டுக் கட்டத் தெரிந்தது, முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரூ லூயி-பிளாங் தெரு ஸ்டூடியோவுக்குப் போனேன். வீடியோ எடுத்த மடுத்தீன் அண்ணை இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறார். பழைய வேலை எல்லாம் வைத்திருக்கிறாராம். தேடிப் பார்த்து, “இருக்குத் தங்கச்சி, ஒரு யூஎஸ்பியோடை வாங்கோ” என்றார். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. படியில் பாதி இறங்க, திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது. கொண்டுபோனால் இவருக்குச் சந்தோஷம். பிள்ளைக்கு?

இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

19 நவம்பர், புதன்

சுற்றிவளைக்காமல் அவளிடமே கேட்டேன். “அந்த வீடியோவின்ரை கொப்பி ஒண்டு ஸ்டூடியோவிலை இருக்காம். எடுக்கட்டோ, விடட்டோ? நீ சொல்லுறதுதான்.”

யோசித்துச் சொல்லுவதாகச் சொன்னாள். ஒன்பது வருடம் பிந்திக் கேட்டிருக்கிறேன், அவள் எவ்வளவும் யோசிக்கட்டும்.

20 நவம்பர், வியாழன்

குறுஞ்செய்தி: “எடுங்கோ. என்ர கையிலை தாங்கோ. சனிக்கிழமை வாறன்.”

மூன்று தரம் வாசித்தேன். இவரிடம் எல்லாம் சொன்னேன், ஏப்ரல் கதையும். “எனக்குத் தெரியாமல் போச்சே” என்றார். பிறகு நண்டு வாங்கப் போனார்.

22 நவம்பர், சனி

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். நண்டுக்கறியில் மூவரும் முழங்கைவரை. மடுத்தீன் அண்ணையிடம் நேற்று வாங்கிவந்த யூஎஸ்பியை அவள் கையில் கொடுத்தேன், பைக்குள் போட்டாள். இவர் அதைப் பார்க்காத மாதிரி நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தார்.

23 நவம்பர், ஞாயிறு

காலையில் லினக்ஸ் பதிந்தோம். மொழி, நேரம், பெயர், எல்லாம் நானே அமத்தினேன், அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கொம்பியூட்டர் இனி என்னுடையது, என் பெயர்தான் வருகிறது.

பிறகு அவளாகவே பைக்குள் இருந்து அந்த யூஎஸ்பியை எடுத்துச் செருகினாள். “இருங்கோ அம்மா.”

திரையில் லெ பிளாங்-மெனில் மண்டபம். பல்லக்கு, பூ, ஆலாத்தித் தட்டுகள். நடுவில் என் பிள்ளை, கழுத்து நிமிர்த்த முடியாத நகையோடு. கண் மட்டும் அங்கேயும் இங்கேயும் ஓடுகிறது. வந்த சனம் எல்லாம் பிள்ளைக்கு வெட்கம் என்று சொன்னது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“வெக்கமில்லை,” என்றாள். “நான் உங்களைத் தேடிக்கொண்டிருந்தனான்.”

நான் எங்கே நின்றேன்? மண்டபத்துக் குசினியில். முந்நூறு பேருக்கும் றோல்ஸ் காணுமோ என்று பார்த்துக்கொண்டு. அழுகை வந்தது, அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தட்டோ என்று கேட்டாள்.

வேண்டாம், நான் வாற இடம் வரைக்கும் ஓடவிடு என்றேன்.

இவர் கதவடியில் தயங்கிக்கொண்டு நின்றார். லக்ஷனாதான் நகர்ந்து இடம் விட்டாள். வீடியோவில் நாற்பத்தோராவது நிமிடத்தில்தான் நான் வந்தேன், மூச்சு வாங்க, சேலையில் எண்ணெயோடு. அவளுடைய கண் ஓடுவது அப்போதுதான் நின்றது.