படிக்காமல் கொடுத்த ஒப்புதல்

ஜூலை 14, 2003. திங்கள்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஷீபாவின் முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கோப்பைத் திறக்க யாருக்கு அனுமதி என்று எங்கள் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் பார்க்கும் சோதனையில் அவள் செய்த மாற்றத்தைப் போன வாரம் நான்தான் சரிபார்த்தேன். "சேச்சி, கடைசி பாகம் எனக்கு அவ்வளவு உறப்பில்ல, சரிதானான்னு ஒரு சந்தேகம். நல்லா ஒண்ணு நோக்கணே" என்றாள், தன் மலையாளத் தமிழில். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அந்தப் பாகத்தைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தேன்.

இன்று புகார் வந்தது. சோதனை பாதியில் நின்றால், மறுப்பதற்குப் பதில் அனுமதித்துவிடுகிறதாம். எங்கள் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகள் மூன்று நாளாக யாரும் படிக்கும்படி திறந்து கிடந்திருக்கின்றன. மேலாளர் எல்லார் முன்னாலும் ஷீபாவைத் திட்டினார். நான் வாயே திறக்கவில்லை.

மாலையில் அழுத கண்ணோடு என் மேசைக்கு வந்தாள். "என்னால சேச்சிக்கும் கெட்ட பேராயிப்போச்சு. மன்னிக்கணும்."

"பரவாயில்லை" என்றேன்.