வலது பக்கம் தைத்த சட்டைப் பை

இத்தா மொரோத்தி
1989 ஏப்ரல் 9, ஞாயிறு

என் அன்பு மகள் சுனில்டாவுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறீர்களா, சின்னவனுக்கு அந்த இருமல் விட்டதா என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது. நான் புறப்படும்போது ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே எழுதுகிறேன் என்று சொன்னேன், இரண்டு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தினமும் காகிதத்தை எடுப்பேன், சுகம் விசாரிக்கிற இடத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு எழுத்து எப்போதுமே கஷ்டம்தான், ஆனால் இந்தத் தடவை எழுத்தின் மேல் பழி போட முடியாது. சொல்ல வேண்டியது அப்படிப்பட்டது. நீ தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, மருமகன் பக்கத்தில் இருக்கும்போது படி.

ஈஸ்டர் முடிந்த மறுநாள்தான் ஆற்றைக் கடந்தேன். பதிமூன்று வருஷம் அர்ஜென்டினா பக்கம் பொசாதாஸ் கரையில் நின்று இந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், படகில் ஏறினதும் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், பார்க்கத் தைரியம் வரவில்லை. இறங்கின இடத்தில் காவலுக்கு நின்ற ஒரு பையன் என் அடையாளக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பாட்டி சுற்றிப் பார்க்க வந்தீங்களா என்று கேட்டான். பாட்டியா, எனக்கு ஐம்பத்து மூன்றுதான்டா என்றேன். பேருந்தில் எல்லாரும் சத்தமாகப் பேசுகிறார்கள் மகளே, பிப்ரவரியில் விரட்டப்பட்ட அந்த ஜெனரலைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள், ஒருத்தன் அவனைப் போலவே நடந்து காட்டினான். பேருந்தே சிரித்தது. நான் மட்டும் யார் கேட்கிறார்கள் என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பழக்கம் போக நாளாகும் போல.

வீட்டுக்குக் கூரை இல்லை. அடுப்பங்கரைச் சுவர் நிற்கிறது, கிணறு இருக்கிறது, உன் அண்ணன் கிறிஸ்பின் நட்ட கொய்யா மரம் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடைக்கார எலிகியோதான் தன் பருத்திக் கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். அவர் மனைவி மரவள்ளி அவித்துக் கொடுத்தாள், சிப்பா ரொட்டி கொடுத்தாள், பசி தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள். நீ உடனே பெத்ரோனா அத்தை வீட்டுக்குப் போனாயா என்று கேட்பாய். போகவில்லை. அவள் வீட்டு வழியாகத்தான் கிணற்றுக்குப் போக வேண்டும், நான் சுற்றிப் போனேன். ஊரை விட்டு ஓடின அந்த விடியற்காலை மழையில் நாம் இரண்டு பேரும் அவள் கதவைத் தட்டினதும், உள்ளே இருந்து அவள், எனக்கு அண்ணின்னு யாரும் கிடையாது, நீலக்காரிக்கு இந்த வீட்டுல தண்ணி கூடக் கிடையாது, ஓடைப் பக்கம் போய்த் தொலைங்க என்று கத்தினதும், நீ பதினைந்து வயசுப் பெண், அவ செத்தாலும் ஒரு பிடி மண் போட மாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினதும் எதையும் நான் மறக்கவில்லை. நம் கிறிஸ்பினைப் பிடித்துக்கொண்டு போய் அன்றைக்கு நான்காவது நாள். கூடப் பிறந்த அண்ணன் பிள்ளையைப் பிடித்துப் போயிருக்கிறார்கள், இவள் ஆளும் கட்சியின் சிவப்புத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்காரர்களுக்குத் துணி துவைத்துப் போடுகிறாளே என்று எனக்கும் வயிறு எரிந்தது. பதிமூன்று வருஷமும் எரிந்தது.

மூன்றாம் நாள் உன் அப்பாவைப் பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தூரத்திலேயே தேடுகிறேன், நீலம் எங்கே என்று. அவர் சாகும்போது கேட்டுக்கொண்ட ஒரே ஒரு விஷயம் உனக்கு நினைவிருக்கும், என்னைக் கட்சி நிறத்தில் படுக்க வை நிமியா என்றாரே, நீயும் கிறிஸ்பினும்தான் தூரிகை பிடித்தீர்கள். அந்த இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு கல்லறை நிற்கிறது மகளே. பழைய சிவப்பு இல்லை, வருஷம் தவறாமல் பூசின சிவப்பு, பளபளவென்று. தலைமாட்டில் அவர் பெயர். செஃபெரினோ. அவர் உயிரோடு இருந்தபோது சிவப்புக்காரனாக்க எத்தனை தடவை கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள், முடிந்ததா, செத்தவரை மாற்றிவிட்டார்களே என்று எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யார் பூசினது என்று தோட்டத்துக்காரரைக் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டு, அவர் தங்கச்சிதான், வேற யாரு என்றார்.

எலிகியோவிடம் வந்து சொன்னேன். அவர் கிடங்குத் தரைப் பலகையைப் பெயர்த்து ஒரு டப்பா எடுத்தார். நீலச் சாயம். எத்தனை வருஷமாக ஒளித்து வைத்திருந்தாரோ, பாதி கட்டியாகக் காய்ந்து போயிருந்தது. எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் கலக்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில் டப்பா, தூரிகை, சுரண்டுவதற்கு ஒரு வெட்டுக்கத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். தலைமாட்டில் ஆரம்பித்தேன். சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காகச் சிவப்பு, அதற்கும் கீழே நம் நீலம் எட்டிப் பார்த்தது, எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. சுரண்டின இடத்திலெல்லாம் உடனே நீலம் பூசிக்கொண்டே கால்மாட்டுக்கு வந்தேன். அங்கே மட்டும் பூச்சு வேறு மாதிரி, தடிப்பாக, கரடுமுரடாக இருந்தது, சுரண்ட வரவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்து ஓங்கி அடித்தேன். அப்போது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். பெத்ரோனா. மரவள்ளித் தோட்டத்திலிருந்து அப்படியே வெறுங்காலோடு, கையெல்லாம் மண்ணோடு ஓடி வருகிறாள். நான் கத்தியைக் கீழே போடவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, அண்ணி, அந்தப் பக்கம் அடிக்காதே அண்ணி, புள்ளையோட தலை அந்தப் பக்கம் இருக்கு என்றாள்.

இந்த வரியை எழுதிவிட்டுப் போய்க் கிணற்றில் தண்ணீர் இழுத்துக் குடித்துவிட்டு வந்தேன். நீயும் கொஞ்சம் தண்ணீர் குடி.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, அவளை அடித்தேன். கையில் இருந்தது தூரிகை. கன்னத்திலும் கழுத்திலும் மாறி மாறி அடித்தேன், அவள் முகமெல்லாம் நீலம். அவள் கையைக் கூடத் தூக்கவில்லை. என் கை ஓய்ந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிமூணு வருஷம் சிவப்புல கிடந்தேன், ஒரே நிமிஷத்துல கட்சி மாத்திட்டியே அண்ணி என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகளே. பெற்ற பிள்ளை கல்லுக்குள்ளே கிடக்கிறான், அவன் மேல் உட்கார்ந்து இரண்டு கிழவிகளும் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாம் ஆற்றைக் கடந்து மூன்று நாள் கழித்து, துவைத்த துணி கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். கொல்லைப்புறப் பள்ளத்தில் சாக்கு போட்டு மூடி ஒரு உடம்பு. அங்கே காவலுக்கு இருந்த வயசான ஆள் இவளைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டா எனக்குத் தூக்கம் அசத்தும் பெத்ரோனா, மூணு மணி வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நம் ஊர் மத்தியானம் உனக்குத் தெரியுமே, நாய் கூட நிழலை விட்டு எழாது. மாட்டு வண்டியைப் பூட்டி, பருத்தி எடுக்கும் காலம் ஆனதால் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, நட்ட நடு வெயிலில், ஊரே தூங்கும்போது கொண்டு வந்திருக்கிறாள். தனியாகத் தூக்கினாயா என்று கேட்டேன். கனமா இருக்கும்னுதான் நினைச்சேன் அண்ணி, ஒரு மூட்டைப் பருத்தி அவனை விட கனம் என்றாள். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லையாம். வேறு பிள்ளையாக இருந்தாலும் இங்கேயே வைத்திருப்பேன் என்றாள். சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். பை வலது பக்கம் இருந்தது, அந்த மாதிரிச் சட்டை தைக்கிறவ இந்த நாட்டுலயே ஒருத்திதானே என்றாள்.

நீ முதல் முதலாகத் தைத்த சட்டை. பையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துத் தைக்கிறேன் என்று நீ அழுதாய். அவன்தான், வேணாம்டி, என் நெஞ்சு இனிமே இந்தப் பக்கம்தான் அடிக்கும் என்று போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். உன் கை தப்பால்தான் நம் பிள்ளை அடையாளம் தெரிந்து, அப்பா காலடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறான். கால்மாட்டுச் செங்கலைப் பெயர்த்து உள்ளே வைத்து, தானே பூசி மூடியிருக்கிறாள். புதுப் பூச்சைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள் என்று முழுக்கச் சிவப்பு அடித்துவிட்டாள். அடுத்த வாரம் காவல் அதிகாரியே வந்து பார்த்தானாம், உங்க அண்ணன் செத்த பிறகாவது புத்தி வந்து நம்ம பக்கம் வந்தானே என்று சிரித்தானாம். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம். உடம்பைத் தேடி மற்ற நீலக் கல்லறைகளை எல்லாம் உடைத்துப் பார்த்தார்கள், இதைத் தொடவில்லை.

ஏன்டி எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். பதிமூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் படகுத்துறையில் நின்று, வந்து இறங்குகிறவர்களிடமெல்லாம் அவன் படத்தைக் காட்டினேனே, சாப்பாட்டில் ஒரு பங்கு எடுத்து வைத்தேனே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா என்றேன். சொன்னா நீ அழுவே, நீ அழுதா அது ஆத்தைத் தாண்டி இங்க வரும், வந்தா இதை உடைப்பாங்க என்றாள். அப்புறம், பயமும்தான் அண்ணி, என்னை நல்லவள்னு நினைச்சுக்காதே, பயமும்தான் என்றாள். அந்த மழை நாளில் கதவைத் திறக்காததைக் கேட்டேன். உள்ளே இரண்டு காவல்காரர்கள் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம், சாலையில் அவர்கள் ஆள் நின்றதால் ஓடைப் பக்கம் போங்கள் என்று வேண்டுமென்றுதான் கத்தினாளாம். அது உண்மையா, இல்லை இத்தனை வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி உண்மையாக்கிக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. ஆனால் நாம் ஓடைப் பக்கம்தான் போனோம், பிழைத்தோம்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். காலையில் அவளோடு உட்கார்ந்து மாத்தே குடிக்கிறேன், மத்தியானம் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, மாலையில் மறுபடி போகிறேன். இன்றைக்கு ஞாயிறு. காலையில் எழுந்து வழக்கம் போல சால்வை முனையில் அவன் படத்தை முடிந்துகொண்டேன், அப்புறம்தான் போவதற்குத் துறை இல்லை என்று உறைத்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வது மகளே.

கல்லறை இப்போது சொறி பிடித்த நாய் மாதிரி நிற்கிறது, பாதி சிவப்பு, பாதி நீலம், கால்மாட்டில் வெறும் காரை. எலிகியோ மீதி நீலத்தைப் பூசிவிடலாம் என்கிறார். பெத்ரோனா, ஆள்தான் போயிருக்கான், அவன் கட்சி இன்னும் நாற்காலியிலதான் இருக்கு, கொஞ்சம் பொறு என்கிறாள். நான் இரண்டு பேரிடமும், பிள்ளையின் தங்கை வந்து சொல்லட்டும் என்றுவிட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். மே மூன்றாம் தேதி சிலுவை நாள். ஊரில் எல்லார் வீட்டுச் சிலுவைக்கும் புதுத் துணி சாத்துவார்கள், நம் கிறிஸ்பினுக்குச் சிலுவையே கிடையாது. வைத்தால் செத்துவிட்டான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று இத்தனை வருஷம் வைக்க விடவில்லை, உன்னோடும் சண்டை போட்டேன். இப்போது நானே சொல்கிறேன், வைப்போம். மரம் அறுக்கக் கொடுத்தாகிவிட்டது, கொய்யா மரத்தின் ஒரு கிளைதான். சிலுவையைத் தூக்கி வர ஒரு ஞானத்தாய் வேண்டும். உன் அத்தைக்கு அது ஆசை, ஆனால் அவள், சுனில்டா என் வீட்டு வாசல்ல கால் வெச்சாத்தான் நான் அதைத் தொடுவேன், இல்லேன்னா வேண்டாம் என்கிறாள். உன்னை வற்புறுத்த மாட்டேன். நீ செய்த சத்தியம் உன்னுடையது, என் கையைப் பிடித்துச் செய்தது என்பதால் அதை அவிழ்த்துவிடும் உரிமை எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, அவிழ்த்துவிட்டேன். அவள் அந்தச் சட்டைப் பையை மட்டும் வெட்டி எடுத்து, துவைத்து, தன் வீட்டு மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டினாள், கொடுக்கவில்லை. தைச்சவ கையிலதான் கொடுப்பேன் என்கிறாள்.

வரும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்காராதே, உனக்குக் காது வலி வரும். அடையாளக் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொள், பிள்ளைகளுடையதையும். சின்னவனுக்குத் தேன் கொடு, பெரியவளுக்குத் தினமும் தலை வாரி விடு. மருமகன் வர முடியாவிட்டால் பரவாயில்லை, அவர் வேலை முக்கியம், என் ஆசியைச் சொல். அங்கே காணாமல் போனவர்களுக்கான ஊர்வலத்தில் அண்ணன் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாயே, நம் பிள்ளை கிடைத்துவிட்டான் என்று நிறுத்திவிடாதே, கிடைக்காதவர்கள் எத்தனை பேர், அவர்களோடு நட. கடவுளும் மாதாவும் உன்னையும் உன் வயிற்றில் பிறந்தவர்களையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், என் ஆயுசில் மீதி இருப்பதை உங்களுக்குப் போடட்டும்.

ஒன்று மறக்காதே. சிலுவைத் துணி கடையில் வாங்காதே, நீயே தைத்துக் கொண்டு வா. வெள்ளையில், இரண்டு முழம் போதும். கோணலாக வந்தாலும் பிரித்துத் தைக்காதே மகளே, அப்படியே கொண்டு வா. அவனுக்கு உன் கை தெரியும்.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
நிமியா