இருபது தாளிலும் இருமல் இல்லை

மட்டாஞ்சேரி
ஞாயிறு

அன்பு மகள் நௌரினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், மெதுவாகப் படி. ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் நின்றுபோகும்.

தப்பு என்னுடையது. டிகிரி படிக்கும்போதே சொந்தமாக ஆராய்ச்சி செய்ய உன் காலேஜில் ஆறு பேருக்குத்தான் இடம், அதில் நீ ஒருத்தி என்று தெருவெல்லாம் சொன்னேன். எங்கள் உடம்பைப் பற்றி உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய இருபது கேள்வித்தாளையும் நான் வேலை பார்க்கும் சுக்குக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். இங்கே எந்தத் தாளும் முதலில் சூப்பர்வைசர் நிகில் மேசைக்குத்தான் போகும், கல்யாணப் பத்திரிகைகூட அப்படித்தான். கை தானாக அங்கே வைத்துவிட்டது. அவன் தடுக்கவில்லை மோளே, பேனா கொடுத்தான், பக்கத்திலேயே நின்று இருமல் உண்டா, மூச்சு முட்டுமா என்று அவனே சத்தமாக வாசித்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் கமலாக்ஷி சேச்சி இருமிக்கொண்டே, தன் தாளில் இல்லை என்று போடச் சொன்னாள். உன் மகள் புரொஃபசர் ஆகட்டும், அதுவரை எனக்குக் கூலி வேண்டுமே என்று என்னிடம் சிரித்தாள். நானும் இல்லை என்றுதான் போட்டேன்.

சுக்கை வெளுக்கப் போடும் சுண்ணாம்புத் தூசியில் உட்காரும் இருபது பெண்களில் ஒருத்திக்குமா இருமல் இல்லை, ஹாஸ்டல் அறையில் நீயே நிரப்பினாயா என்று உன் மிஸ் கேட்டாராம். மாதக் கடைசிக்குள் சரியான தாள் தராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்காம். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் உண்மை சொன்னவளுக்கு மறுநாள் வேலை கொடுப்பது யார் என்று அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லையே. கிடங்கில் எல்லோரிடமும் மறுபடி கேட்டுப் பார்த்தேன். ஒருத்தியும் நிமிரவில்லை. கமலாக்ஷி சேச்சி மட்டும், எங்களை விட்டுவிடு ஜுமைலா என்றாள். இனி காகிதம் கொண்டுவந்தால் வர வேண்டாம் என்று நிகில் சிரித்தபடியே சொல்லிவிட்டான். வாப்பா முதுகுவலியில் படுத்து இரண்டு மாதம், என் கூலியும் நின்றால் உன் ஹாஸ்டலே நின்றுவிடும்.

என் தாளை மட்டும் திரும்ப நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன், பெயர் எழுதவில்லை. ஆறு வருடமாக இருமல், காலையில் அதிகம், சில நாள் ரத்தம். எழுதியதெல்லாம் உண்மை. ஒரு தாளால் உன் இடம் நிற்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மிஸ்ஸிடம் கொடு.

அல்லாஹ் உன்னைக் கைவிடமாட்டான். பரீட்சையை விட்டுவிடாதே, ராத்திரி பட்டினி கிடக்காதே. ஒன்றை மறக்காதே, ரத்தம் வருவது வாப்பாவுக்குத் தெரியாது, ஃபோனில் கேட்டுவிடாதே.

உன் உம்மா
ஜுமைலா