சந்தனம் பட்ட நார்

யூலை 7, திங்கள்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. அப்பா செத்து இன்றோடு இருபத்தொரு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மரத்துப்போய் இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பிய பொதி வந்தது. மல்லாவிச் சந்தியில் போய் எடுத்தேன். உள்ளே: கணினிச் சிப் போன்ற சில்லு 1 (நகமளவு), அதில் ஒட்டிய கண்ணாடி நார் 1, வயர்கள். நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்க அறை நிறையக் கருவி வேண்டும். அந்த வேலையை இந்தச் சில்லு செய்யுமாம். வெள்ளிக்கு முதல் வீட்டிலிருந்தே சூரிய வெளிச்சத்தை அளந்து, அதில் சோடியம் விடும் இரண்டு கருங்கோடுகளையும் தனித்தனியே காட்டவேண்டும். காட்டினால் வெளிநாட்டில் ஆராய்ச்சி இடம். இல்லாவிட்டால் வவுனியாவில் தற்காலிக வேலை, அதுவும் டிசம்பர் வரைக்கும்தான்.

பூநகரி மாமி போனில்: துடக்கு வீடு, தீட்டுக் கழியவில்லை, முப்பத்தொராம் நாள் முடியுமட்டும் புதுச் சாமானில் கை வைக்காதே. ஓம் என்றேன். போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன்.

யூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். நாரின் நுனியை யன்னலில் கட்டினேன். ஒரு கோடு தெளிவு. மற்றது இருக்கோ இல்லையோ. நாளைக்குக் கூடநேரம் வெளிச்சம் பிடித்தால் வரும். சந்தோசப்பட வேண்டிய நேரம். படவில்லை. அரிசி களைந்து போட்டேன்.

யூலை 9, புதன்

வெளிச்சமே இல்லை. கணினி, வயர், யன்னல், எல்லாம் பார்த்தேன். கடைசியில் நாரின் நுனி. சந்தனம், காய்ந்துபோய். நடுவில் குங்குமம் வேறு.

வீட்டில் நானும் அம்மாவும்தான். தண்ணீர் பம்ப், தையல் மெசின், சைக்கிள், எது வந்தாலும் இங்கே முதலில் பொட்டு. ஆனால் துடக்குக்குள் யாரும் வைப்பதில்லை. தன் நெற்றியில்கூட அம்மா இப்போது வைப்பதில்லை. நுனிதான் சாமானின் முகம் என்று நினைத்திருப்பார். கேட்கவில்லை.

பதற்றத்தில் துணியால் உரசித் துடைத்தேன். என் பிழை. ஸ்பிரிட்டில் ஊறவிட்டிருக்க வேண்டும். சந்தனத்தில் கிடந்த மண் நுனியைக் கீறிவிட்டது. இப்போது வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு. நார் சில்லோடு ஒட்டியது, மாற்ற ஏலாது.

யூலை 10, வியாழன்

வானம் மப்பு, வெயில் இல்லை. ஆறு தடவை பிடித்தேன். இரண்டு கோடும் ஒன்றாகக் கலங்கி வரைபில் ஒரே பள்ளம். அதையே அனுப்பினேன். துடைக்கும்போது நான்தான் நுனியைக் கீறினேன் என்று மட்டும் எழுதினேன்.

யூலை 11, வெள்ளி

பதில் வந்தது. மரியாதையான பதில். இடம் வேறொருவருக்கு. பெட்டியைத் திருப்பி அனுப்பவும்.

கோபம் வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கையிலை. கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வைச்ச பொட்டாலையோ பிள்ளை?"

நான் துடைத்ததால் என்றேன். துடக்குக்குள் ஏன் வைத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

"புதுச் சாமானுக்குக் கொப்பர்தானே வைக்கிறவர். இனி ஆர் வைக்கிறது எண்டு பாத்தன். அதான் நான் வைச்சனான்."

கோபம் அப்போது வந்தது. அம்மா மேல் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போன மனிசன் மேல். சோற்றுக் கையோடு இருந்து அழுதேன்.