ஒரு மணி நேரம் முன்னால் வந்தவர்கள்

அக்கா,

இன்று காலை இந்த வருடத்தில் முதல்முறையாக ஹீட்டரைப் போட்டேன். தரையில் இருக்கும் கம்பித் தட்டு வழியாக, கோடை முழுக்கப் படிந்த தூசி கருகும் வாசனை மேலே வந்தது. கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த ஞாயிற்றுக்கிழமை. அவரும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காபியை எடுத்துக்கொண்டு அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பாதம் மெல்லச் சூடேறியது. வெளியே புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி. மனசு நிறைந்திருந்தது. அப்புறம்தான் நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. யாரோ பார்த்துவிட்டதைப் போலச் சட்டென்று எழுந்து நின்றேன்.

உங்களை முதலில் பார்த்த நாளிலும் எங்கே போய் ஒளிந்துகொள்வது என்றுதான் தேடினேன். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த உங்கள் வீட்டுக்காரர் எங்களைத் தீபாவளி விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. நான் பட்டுப்புடவையும் தலையில் பிளாஸ்டிக் மல்லிகையுமாக, என் வீட்டுக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு, சரியாகப் பன்னிரண்டுக்கு மணியை அடித்தோம். கதவைத் திறந்த நீங்கள் நைட்டியில் இருந்தீர்கள். தலை முழுக்க எண்ணெய். உங்களுக்குப் பின்னால் உங்கள் வீட்டுக்காரர், எங்கள் சார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கார்ப்பெட்டில் வாக்குவம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பதினோரு மணிக்கே வந்துட்டீங்க?"

"பன்னண்டு ஆச்சே சார்," என்று இவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

குளிர்காலம் வருகிறதென்றால் ஒரு நாடே முந்தின ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "நல்லதாப் போச்சு கண்ணு, வடை தட்டறதுக்கு ஆளில்லாமக் கெடந்தேன்," என்றீர்கள். அதோடு முடிந்திருந்தால் சரி. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, சார் கூடத்தின் நடுவில் நின்று, "நம்ம புது மாப்பிள்ளை பசி தாங்காம ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாருங்க!" என்று அறிவித்தார். கூடமே சிரித்தது. யாரோ, "மொதல்ல அவருக்குப் பரிமாறுங்கப்பா" என்றார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. இலையில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போது, "இனிமே யார் வீட்டுக்கும் போக வேணாம்," என்றார்.

அந்த வாரத்திலிருந்து மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அவர் வேலையிலிருந்து வருவதற்குள் நான் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றிருப்பேன். பேச ஆளில்லை. இன்னொரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, ஊருக்கு எழுதிய கடிதங்களில்கூட. எங்கள் வீட்டில் ஹீட்டரே வேலை செய்யவில்லை. சுவரில் இருந்த வட்டமான டயலை ஒரு பக்கம் திருப்பினால் குளிர்காற்று வந்தது. மறுபக்கம் திருப்பினால் ஒன்றுமே வரவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் இவர், "அதுக்கும் சிரிப்பாங்க," என்றார். ஓவனைப் போட்டு அதன் கதவைத் திறந்துவைத்து, முன்னால் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே, "எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்திருங்க," என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் நீங்கள் போன் பண்ணினீர்கள். "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம் கண்ணு. ஒண்ணும் செய்யாத. காபி போதும்." வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மணிக்குள் ஓவனை அணைத்து, நாற்காலிகளை மாற்றிப் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு மணிக்கே கதவு தட்டப்பட்டது.

திறந்தால் நீங்கள். குளிர்கோட்டுக்குள் அதே நைட்டி, தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சார், கையில் தூக்குச்சட்டியோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். "பாரு கண்ணு, நாங்களும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்!" என்று பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தீர்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. என் மேல் இரண்டு ஸ்வெட்டர், காலில் அவருடைய சாக்ஸ். எனக்குப் பின்னால் மங்கி குல்லாயோடு என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு ஓவன்.

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். நீங்கள் என்னைத் தொடக்கூடத் தயங்கினீர்கள். "பெரிய புத்திசாலின்னு நெனச்சுட்டு வந்தனே, இப்பிடி ஆயிருச்சே," என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டீர்கள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவருக்குப் போனீர்கள். டயலுக்கு அடியில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அதைக் 'கூல்' பக்கமிருந்து 'ஹீட்' பக்கம் தள்ளினீர்கள், அவ்வளவுதான். தரைக்கடியில் ஏதோ உறுமியது. கருகும் வாசனை வந்தது. "ஏதோ தீயுது!" என்று இவர் குல்லாயோடு ஓட, "தூசி தம்பி, தூசி. எல்லா வீட்லயும் மொத நாளு இப்பிடித்தான் நாறும்," என்றீர்கள்.

சார்தான் முதலில் பேசினார். என் வீட்டுக்காரரைப் பார்க்காமல், தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் வந்த மொத வருஷம், கடிகாரம் மாத்தினது தெரியாம, ஒரு வாரம் தெனமும் ஒரு மணி நேரம் முன்னாடியே ஆபீஸ் போனேன்ப்பா. பூட்டின கதவுக்கு முன்னாடி பார்க்கிங் லாட்ல நிப்பேன். அமெரிக்காக்காரன் எல்லாம் லேட்டா வர்றான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

நீங்கள் திரும்பி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஏனுங்க, இத்தன வருஷத்துல எங்கிட்ட இத ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

"எப்பிடிச் சொல்றது?" என்றார் சார். அவருக்கும் காது சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். குல்லாயைக் கழற்றிவிட்டு, "உக்காருங்க சார்," என்றார். டிக்கெட் பேச்சை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

உங்களோடு எனக்கு மூன்று குளிர்காலங்கள் கிடைத்தன. சூடான காற்று வரும் தட்டின் மேல் நின்று நைட்டி பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்து நாம் இருவரும் சின்னப் பிள்ளைகளாகச் சிரிப்போம். பனி கொட்டும் நாளில் கொள்ளு ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டு, போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, தெருவில் கார்கள் வழுக்குவதை வேடிக்கை பார்ப்போம். கடிகாரம் பின்னால் போகும் ஞாயிறன்று காலையில் தவறாமல் போன் பண்ணுவீர்கள். "இந்த ஒரு மணி நேரம் புருசனுக்கும் இல்ல, ஆபீசுக்கும் இல்ல. நமக்கு மட்டுந்தான் கண்ணு."

இன்று போன் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் மனசு கேட்காமல், சொல்லாமல் கொள்ளாமல் சாரைப் பார்க்கக் கிளம்பினேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். கூடத்து ஜன்னல் வழியாகத் தெரிந்தார். கணப்பில் கட்டை எரிய, ஸ்டூலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, ரேடியோவோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு தட்டு. மணியை அடித்ததும் ரேடியோ நின்றது. கதவைத் திறந்தபோது முகத்தைச் சோகமாக வைத்திருந்தார்.

"குளிருச்சு... அதான், சும்மா," என்று கணப்பைக் காட்டினார்.

உட்கார்ந்தோம். கட்டையைக் கிளறிவிட்டு அவராகவே சொன்னார். "வாழைக்காய் பஜ்ஜி போட்டேம்மா. நல்லா வந்துச்சு. சாப்பிடறப்போ அவளை நெனைக்கவே இல்ல. தட்டு காலியான அப்புறந்தான் நெனச்சேன். என்ன மனுசன் நான்?"

"நானும்தான் சார்," என்றேன். காலையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. இருவரும் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "மாவு மிச்சமிருக்கு, இரு. ஆனா அவகிட்ட சொல்லிடாதம்மா."

சொல்ல மாட்டேன் என்றுதான் அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உங்களுக்கு எழுதுகிறேன். இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. பஜ்ஜி நன்றாக இருந்தது, அக்கா.