கால் கட்டைவிரலில் ஒரு சணல்

1963 ஜனவரி 21, திங்கள்

உறைபனி. குழாயடியில் வாளித் தண்ணீர் மேல் பாலாடை போலப் பனி. டயகம பஸ்ஸைத் தவறவிட்டேன். வளைவில் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டாயிற்று. கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து. இரண்டாம் முறை.

தலைமையாசிரியர் (இனி த.ஆ.) யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடமாட்டார். அதுதான் பயம்.

"இஞ்ச பாரும் பிள்ளை. இன்னொருக்கா கோட்டுக்குக் கீழ வந்தீரெண்டால் நான் மேல எழுத வேண்டி வரும். தோட்டத்தில இருந்து வந்த பட்டதாரி எண்டு எல்லாரும் உம்மைத்தான் பாக்கினம்."

தலையாட்டினேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலே எழுதினால் அவ்வளவுதான்.

அம்மா இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் நனைத்த கையைக் கழுத்தில் வைப்பார். அப்பாவுக்குப் பேக்டரியில் இராக் காவல், விடிந்துதான் வருவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும்போது எழுந்தால் போதாது. அதற்கு முன்பே பஸ் போய்விடும்.

இதுவரை செய்து பார்த்தவை:

தலையணையிடம் நேரம் சொல்லிவிட்டுப் படுப்பது. பேராதனை விடுதியில் ஒருத்தி சொன்னது. அவளுக்குப் பலித்ததாம்.

படுக்குமுன் இரண்டு செம்பு தண்ணீர். விழிப்பு வந்தது. ஆனால் கக்கூஸ் தேயிலைக்குள். போன வாரம் அங்கேதான் சிறுத்தை நாயைத் தூக்கியது. அடக்கிக்கொண்டு கிடந்து அப்படியே தூங்கிப்போனேன்.

முகத்தில் ஈரத் துண்டு. சளி.

அலாரம் கடிகாரம், இரவல். வரிசை வீடுகளான லயத்தில் இடைச்சுவர்கள் கூரைவரை போவதில்லை. ஆறு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. கடைசி வீட்டுக் காளியம்மா வாசலில் நின்று, "பேக்டரி சங்கு பத்தாதுன்னு இப்ப டீச்சர் வீட்டுச் சங்கு வேறயா!" கடிகாரத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவிடம் (செ. அக்கா) சொல்லி அழாத குறை. நிறைமாதம். மூத்தது ராணி, நான்கு வயது. புருஷன் நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் கடையில் தேத்தண்ணி ஊற்றுகிறார், கூட்டம் குறைந்தால்தான் வருவார்.

"நான்தான் நாலு மணிக்கே அடுப்பு மூட்டுறேனே. ஒங்கள ஒரு இழுப்பு இழுத்து விட்டாப் போச்சு."

உரச் சாக்கிலிருந்து சணல் உருவினாள். ஒரு நுனி என் கால் கட்டைவிரலில். மறு நுனி சுவருக்கு மேலாகப் போய் அவள் பாயருகே. சத்தமில்லாத கடிகாரம். காளியம்மாவுக்கும் கேட்காது. அக்காவுக்கும் அவருக்கும் பேச்சு வேறு இல்லை, ஏதோ கோழித் தகராறு.

"எம் மாட்டுக்குக்கூட நான் கால்ல கயிறு கட்டுனதில்ல," என்று சிரித்தாள். "டீச்சருக்குக் கட்டுறேன்."

ஜனவரி 23, புதன்

ஒரே இழுப்பு. எழுந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம். கோட்டுக்கு மேலே கையெழுத்து. த.ஆ. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

சவர்க்காரம், மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

ஜனவரி 24, வியாழன்

இன்றும் கோட்டுக்கு மேலே. ஆனால் சாயங்காலம் செ. அக்கா வந்து உட்கார்ந்தாள். ராணி மடியில்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும். வலி வந்தாலும் அந்தக் கயித்ததான் இழுப்பேன். எந்திரிச்சிருவீங்கல்ல?"

கூப்பிட்டால் கேட்குமே என்றேன்.

"எனக்கு வலி வந்தா மூச்சு அடைச்சுக்கும். சத்தம் வராது. போன தடவ அப்பிடித்தான். அவரு பக்கத்துலதான் படுத்திருந்தாரு, அவருக்கே தெரியல. புள்ள தங்கல."

காலையில் எழுப்ப என்றால் ஒரு இழுப்பு. வலி என்றால் விடாமல் இழுப்பது. அப்படி முடிவு. எழுந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ஆறு வீட்டையும் எழுப்பிய அலாரத்துக்கே கடைசியாக எழுந்தவள் நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 25, வெள்ளி

தூங்கவே இல்லை. கால் விரல் மரத்துவிட்டதோ என்று இருட்டில் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். காற்றில் கூரைத் தகரம் அடித்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். செ. அக்கா நாலு மணிக்கு இழுத்தபோது நானே திரும்ப இழுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "இப்பவேவா முழிச்சிருந்தீங்க?"

வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கொட்டாவி. என் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது, இன்று முதல் வரிசைக்கே எட்டவில்லை. ஒரு பையன், "மிஸ் பேசுறாங்களா, படிக்கிறாங்களா?"

இரவு வந்தாலே பயமாக இருக்கிறது. தூங்கினாலும் பயம், தூங்காவிட்டாலும் பயம்.

ஜனவரி 27, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

நேற்று இரவு சணல் ஆடியது. விட்டுவிட்டு, பிறகு விடாமல். துள்ளி எழுந்தேன். செ. அக்கா கதவை மெல்லத் தட்டினேன், மற்றவர்கள் எழுந்துவிடுவார்களே என்று. பதில் இல்லை. மூச்சு அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு மருத்துவச்சி ஞானம்மா குவார்ட்டர்ஸுக்கு ஓட்டம். தேயிலைக்குள் ஏதோ சரசரத்தது. பார்க்கவில்லை, ஓடினேன்.

ஞானம்மா பெட்டியோடு வந்து கதவை இடித்துத் திறக்கச் சொன்னார். செ. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். நல்ல தூக்கம். ஞானம்மா டார்ச் வெளிச்சத்தைச் சுவருக்கு மேலே அடித்தால், சணலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஒரு பெரிய எலி.

"எலிக்குப் பேறு பாக்கவா என்னைய இந்தக் குளிர்ல கூட்டியாந்த?"

லயம் முழுக்க எழுந்து சிரித்தது. காலையில் குழாயடியில் காளியம்மா, "என்னா டீச்சர், எலிக்கு ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?"

செ. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஓடிப் போனீங்கல்ல. அது போதும்," என்று புதுச் சணல் கட்டிவிட்டாள். இனிமேல் கதவைத் தாழ் போடாமல் படுப்பாளாம்.

ஜனவரி 29, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை.

தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். விரல் வெடுக்கென்றது. மறுபடியும். கண் திறந்துவிட்டது. எலி என்று நினைத்தேன். கம்பளிக்குள் கதகதப்பு. ஞானம்மாவின் முகம், குழாயடிச் சிரிப்பு எல்லாம் கண் முன்னே. இன்னொரு முறை இழுத்தால் எழலாம் என்று கிடந்தேன். இழுப்பு நின்றுவிட்டது. நின்றதுதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தது. இத்தனை நாள் விழிப்பதற்கு வழி தேடினேன். விழித்த பிறகு எழுந்திருக்க ஒரு வழியும் யோசித்திருக்கவில்லை.

கதவைத் தள்ளினேன். தரையெல்லாம் ஈரம். அக்கா சுவரோரம் சுருண்டு, வாய் திறந்தபடி, சத்தமே இல்லாமல். சணல் கையில் சுற்றியபடி. ராணி மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

காளியம்மாவின் கதவை ஓங்கித் தட்டினேன். எழுந்து வந்தார். அக்காவோடு பேச்சில்லாதவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "ஓடு பாப்பா."

ஞானம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே, "போய்ப் படு. எலியாத்தான் இருக்கும்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தியதாகப் பக்கத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டில் சொன்னார்களாம். நாய்கள் எல்லாம் குரைத்தன. விளக்குகள் எரிந்தன. ஞானம்மா கம்பளியோடு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பெண் குழந்தை. முதலில் அழவில்லை, காலைப் பிடித்துத் தட்டிய பிறகு அழுதது. ஆனால் அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. அப்பா பேக்டரியிலிருந்து ஓடிவந்து லொறிக்காரரை எழுப்பினார். கொழுந்துச் சாக்கு விரித்து, தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். அக்கா என்னைப் பார்த்தாள். கண் என்னைக் கண்டதா, தெரியவில்லை.

கம்பளிக்குள் எவ்வளவு நேரம் கிடந்தேன்? அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஜனவரி 30, புதன்

லொறிக்காரர் சொன்னது: "புள்ள நல்லாருக்கு. தாய்க்கு ரத்தம் ஏத்தியிருக்காங்க. இன்னும் கண்ண முழிக்கல. நாளைக்குத்தான் சொல்லுவாங்களாம்." நல்லதண்ணிக்கு ஆள் போயிருக்கிறது.

த.ஆ. கூப்பிட்டார். "நேற்று ஏன் வரேல்லை?"

"பக்கத்து வீட்டில பிரசவம் சேர்."

"நீரோ மருத்துவிச்சி?" பக்கத்தில் இருந்த ஆசிரியர் சிரித்தார். "நாளைக்குக் கோட்டுக்குக் கீழ எண்டால் கடிதம் போகும். அதுக்குப் பிறகு என்னட்டை வந்து அழுறதில பிரயோசனமில்லை."

ராணி பகலில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பிராவில் இருந்தாள், சாப்பிடவில்லையாம். காளியம்மா இட்லி அவித்துக் கொண்டுவந்தார், அதையும் தொடவில்லை. இரவு என்னோடுதான் படுத்தாள்.

"அம்மா முழிக்கலேன்னு லொறி மாமா சொன்னாரு."

"முழிச்சிருவாங்க."

"நீங்க கயிறு கட்டிருக்கீங்களா சித்தி?"

"இல்ல."

"அப்ப அம்மாவ யாரு இழுப்பா?"

கதை சொன்னேன்.

ஜனவரி 31, வியாழன்

வெளியே பனிமூட்டம். யாரும் எழுப்பாமலே விழித்தேன். தப்பு இன்னும் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செய்தி வரவில்லை. லொறி மேட்டில் ஏறும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டாலும் பயம்.

சட்டை மாற்றவில்லை, முகம் கழுவவில்லை. படுக்கையில் உட்கார்ந்து குப்பி விளக்கில் எழுதுகிறேன். ராணி என் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். அசைந்தால் இறுக்குகிறாள். தூக்கத்திலேயே ஒரு முறை, "நீங்களும் போயிறாதீங்க" என்றாள்.

காளியம்மா கதவோரம் வந்து, "எறங்கு பாப்பா, பஸ் வந்துரும். நான் பாத்துக்கிறேன்," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். ராணி அழுதால் அழட்டும் என்கிறார்.

கீழ் ரோட்டில் பஸ் இரைச்சல், இன்னும் தூரத்தில். பின்னலிலிருந்து ராணியின் சுண்டுவிரலை விரித்துவிட்டேன். அடுத்தது மோதிரவிரல்.